பெருங்காய டப்பாவில் ஒளிந்திருந்த கோதுமை! பேரனுக்காக 40 வருஷ அடையை மாற்றிய நெல்லை ஆச்சி

உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. என் அம்மா 40 வருஷமாகச் சமைக்கிறார். மாதம் ஒரு டப்பா பெருங்காயம் வாங்குகிற வீடு. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு, ஊறுகாய்க்கு என்று எதற்கும் கணக்கே இல்லாமல் போடுவார். அவர் சுடும் அடை மணத்துக்கு எதிர்வீட்டுக் குழந்தைகள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அந்த டப்பாவின் பின்பக்கத்தை அவர் முதன்முறையாகப் படித்தது சென்ற வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு 12 நாள்கள் அவர் அடுப்படிக்கே வரவில்லை.

இது என் அக்கா மகனின் கதை. குழந்தையின் பெயர் வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால், வீட்டில் நாங்கள் கூப்பிடுகிறபடி 'வாண்டு' என்றே எழுதுகிறேன். இப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

"வயித்துல பூச்சி இருக்கும்!"

அக்காவும் அத்தானும் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை. பள்ளி விட்டதும் வாண்டு நேராக அடுத்த தெருவில் இருக்கும் ஆச்சி வீட்டுக்கு வந்துவிடுவான். ராத்திரி ஏழு மணிக்கு அக்கா வந்து அழைத்துப் போவாள்.

நாலரை வயதில்தான் ஆரம்பித்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கு. கையும் காலும் குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் உப்பி நிற்கும். வாயில் புண் ஆறாது. விளையாடப் போனால் பத்தே நிமிஷத்தில் வந்து படுத்துக்கொள்வான். எதற்கெடுத்தாலும் அழுகை.

"அவன் வகுப்புல ஆண்டுவிழாவுக்கு வரிசையா நிக்க வச்சாங்க. எல்லாரையும்விட இவன் ஒரு சாண் குட்டையா நின்னான். போட்டோவைப் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி பூரா நான் தூங்கல" என்கிறாள் அக்கா.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயிற்றில் பூச்சி என்றார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தோம். பால் பல் விழுகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். ஆச்சி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஒரு கிளினிக்கில் ரத்தச்சோகை என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நாலு மாதம் தவறாமல் குடித்தும் ஹீமோகுளோபின் 7.8-ஐத் தாண்டவில்லை. ஐந்து வயது முடிந்தபோது எடை 13 கிலோ.

டானிக் குடித்தும் ஏன் ரத்தம் ஊறவில்லை? இந்த ஒரு கேள்விதான் கடைசியில் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மதுரையில் குழந்தைகளுக்கான குடல் மருத்துவர் ஒருவர், வாண்டுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "கோதுமை எவ்வளவு சாப்பிடுறான்?"

அக்கா பெருமையாகவே பதில் சொன்னாள். காலையில் பிஸ்கட்டும் மால்ட் சேர்த்த பானமும். டிபன் பாக்ஸில் சப்பாத்தி. வாரத்தில் இரண்டு நாள் ரவா உப்புமா அல்லது சேமியா. சோறு மட்டும் சாப்பிட்டால் சத்து இல்லை, சப்பாத்திதான் சத்து என்று எல்லோரும் சொன்னதால், பிள்ளை இளைக்க இளைக்கச் சப்பாத்தியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

சீலியாக்: குடலோடு சண்டை போடும் உடம்பு

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 'டிடிஜி' என்று சுருக்கமாகச் சொல்லும் ஆன்டிபாடி பரிசோதனை. 20-க்குள் இருக்க வேண்டிய அளவு, வாண்டுவுக்கு 200-க்கு மேல் இருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து துளியளவு சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். நோயின் பெயர் சீலியாக்.

சொந்தக்காரர்களிடம் நாங்கள் 'கோதுமை அலர்ஜி' என்றுதான் சொல்கிறோம். அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. ஆனால், இரண்டும் ஒன்றல்ல. கோதுமை அலர்ஜி இருந்தால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று தெரிந்துவிடும். சீலியாக் அப்படிச் சத்தம் போடாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போதெல்லாம், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்கும்.

நம் சிறுகுடலின் உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரல்கள் போல லட்சக்கணக்கில் உறிஞ்சிகள் நிற்கும். சாப்பாட்டில் உள்ள சத்தை இழுத்து ரத்தத்தில் சேர்ப்பவை அவைதான். சீலியாக் உள்ளவர்களுக்கு இந்த விரல்கள் மழுங்கித் தட்டையாகிவிடும். இரும்புச்சத்தை உறிஞ்சுகிற வேலை பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் நடக்கிறது. பாதிப்பும் அங்கேதான் அதிகம். வாண்டு குடித்த டானிக் எல்லாம் எங்கே போனது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாம சோறு தின்னுற ஊருக்காரங்க. நமக்கு எப்படி இது வரும்?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தியாவில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல், அதாவது 1.23 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் சீலியாக் ஆன்டிபாடி இருந்தது. தென்னிந்தியாவில் 0.10 சதவிகிதம்தான். ஆயிரத்தில் ஒருவர். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இங்கே அரிது என்பதால் யாருக்கும் முதலில் சந்தேகமே வருவதில்லை. அதுதான் சிக்கல்.

பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகள்

இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று கண்டுபிடித்த கதை வியப்பானது. அதற்கு முன்னால் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர், 1924-ல் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவைச் சிபாரிசு செய்தார். பலர் பிழைத்தார்கள். வாழைப்பழத்தில்தான் ஏதோ மகிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தைகள் நல மருத்துவருக்கு மட்டும் ரொட்டி மீது சந்தேகம் இருந்தது. ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளை தேறுகிறான் என்று ஒரு தாய் சொன்னதுதான் அவருக்கு முதல் பொறி என்பார்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-ல் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, சீலியாக் குழந்தைகள் மோசமாகாமல் தேறியிருந்தார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி மறுபடி வந்ததும் அவர்களுக்கு வயிறு மறுபடி கெட்டது. டிக்கே தன் ஆய்வை 1950-ல் வெளியிட்டார்.

இன்றைக்கு வரைக்கும் இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு.

அல்வா ஊரில் பிறந்த பிள்ளை

கேட்க எளிதாக இருந்தது. சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரெட், கேக் எல்லாவற்றையும் நிறுத்தினாள் அக்கா. பார்லி மால்ட் சேர்த்த பானமும் போனது.

கஷ்டம் வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. நாங்கள் இருப்பது திருநெல்வேலி. யார் வீட்டுக்கு வந்தாலும் கையில் அல்வா பொட்டலம் இருக்கும். சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்துக் கிண்டுவதுதான் நம் ஊர் அல்வா. பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றால், "ஒரு விரல் நுனியில தொட்டு வச்சா என்ன ஆயிரும்?" என்பார்கள். கல்யாண வீட்டில் ரவா கேசரி. பிறந்தநாள் வீட்டில் கேக். பள்ளியில் கையில் உருட்டி விளையாடக் கொடுக்கும் களிமண் மாதிரியான மாவு உருண்டையிலும் கோதுமை மாவு இருக்கலாம் என்று தெரிந்தபோது, அக்கா பள்ளிக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் நடுவே குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி, ஆச்சியின் அடுப்படி. "நம்ம சாப்பாட்டுல கோதுமையே கிடையாதுல்லா? இட்லி, தோசை, புட்டு, அடை. என் வீட்டுல அவன் என்ன வேணாலும் தின்னலாம்" என்று ஆச்சி சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் வாண்டுவுக்கு இரண்டு அடை. தொட்டுக்கொள்ளக் கருப்பட்டி. பேரனைத் தேற்றும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

வயிற்றுப்போக்கு குறைந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால், ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிடிஜி அளவு 148. மருத்துவர் எதிர்பார்த்த இறக்கம் இல்லை. எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. எங்கோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

அக்கா அழுதுவிட்டாள். "சத்தியமா ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கல டாக்டர்."

டப்பாக்களின் புகைப்படம்

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் உள்ள ஒவ்வொரு டப்பா, பாக்கெட்டின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அக்கா வீடு மட்டுமல்ல, ஆச்சி வீடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஊரில் இருந்தேன். போனை வைத்துக்கொண்டு படம் எடுத்தது நான்தான். உப்பு, மஞ்சள்தூள், புளி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். பெருங்காய டப்பாவின் எழுத்து மிகச் சிறியது. படத்தைப் பெரிதாக்கிச் சத்தமாகப் படித்தேன்.

"கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்..."

அம்மா என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு முறை படித்தார்.

பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், இரான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்துதான் காலங்காலமாக நமக்கு வருகிறது. இந்தியாவில் அந்தச் செடியை நட்டு வளர்க்கும் முயற்சியே 2020 அக்டோபரில்தான், இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அசல் பெருங்காயத்தின் நெடியை அப்படியே சமையலில் போட முடியாது. அதனால், மாவும் பிசினும் கலந்து காரத்தைக் குறைத்து 'கூட்டுப் பெருங்காயம்' ஆக்கி விற்கிறார்கள். கட்டியாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இதுதான். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன. பல கம்பெனிகள் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கின்றன.

ஒரு சிட்டிகைதானே என்று தோன்றலாம். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் உறிஞ்சிகள் பாதிக்கப்படுவதை 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஒரு துண்டு பிரெட்டில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். எங்கள் வீட்டில் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அடை என்று ஒரு நாளில் ஐந்து இடத்தில் பெருங்காயம் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் ஆச்சியின் கை, தாராளமான கை.

ஆலோசகர் இன்னொரு சந்தேகமும் சொன்னார். கேழ்வரகை மில்லில் கொடுத்துத்தான் அரைப்போம். நமக்கு முன்னால் அதே கல்லில் கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லில் ஒட்டிய மாவு நம் கேழ்வரகோடு வந்துவிடும். பெருங்காயமா, மில் மாவா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையுமே நிறுத்தச் சொன்னார்.

ஆனால், அம்மாவுக்கு அந்த இரண்டாவது காரணம் காதில் ஏறவே இல்லை.

"நானேல்லா கொடுத்திருக்கேன்..."

"டாக்டர் கொடுக்காதேன்னு சொன்ன பொருளை நானேல்லா தினமும் என் கையால ஊட்டியிருக்கேன். அவன் மெலிஞ்சு போறானேன்னு ரெண்டு அடைக்கு மூணு அடையா வச்சேன்." திரும்பத் திரும்ப இதையே சொன்னார் அம்மா.

யார் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வாண்டுவுக்கு எதுவும் சமைக்க மாட்டேன் என்றார். அக்கா காலையிலேயே பேரனுக்கான சாப்பாட்டைச் செய்து எடுத்து வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அம்மா தனக்கும் அப்பாவுக்கும்கூட வெறும் கஞ்சிதான் வைத்தார். பெருங்காய டப்பாவைக் குப்பையில் போடவும் இல்லை. அலமாரியில் கண்ணெதிரே அப்படியே இருந்தது.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அக்கா தினமும் போனில் சொல்வாள். பிள்ளை தேறுவானா என்ற கவலையோடு இப்போது அம்மாவைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

பன்னிரண்டாவது நாள். பள்ளி விட்டு வந்த வாண்டு, அக்கா வைத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். "ஆச்சி, எனக்கு உன் அடை வேணும்" என்றான்.

"அது உனக்கு ஆகாதுய்யா. அதுல கோதுமை இருக்கு."

"கோதுமை இல்லாம சுடு."

"பெருங்காயம் இல்லாம அடை நல்லா இருக்காதுய்யா."

"நல்லா இல்லைன்னாலும் தின்னுறேன்."

அம்மா இதைச் சொல்லும்போது இப்போதும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அஞ்சு வயசுப் பிள்ளை அப்படிச் சொன்ன பிறகு நான் என்னத்த உக்காந்துட்டு இருக்க?"

சுளகும் தனிக் கல்லும்

அன்றைக்கே அம்மா எழுந்தார். அலமாரியிலிருந்த டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். பழைய மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் என்று பெருங்காயம் விழுந்த அத்தனையும் வெளியே போனது. கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதிய பெருங்காயமும் கிடைக்கிறது என்று அக்கா சொன்னாள். அம்மா கேட்கவில்லை. "அது இல்லாமலே மணக்க வைக்கேன் பாரு" என்றார்.

முதல் தடவை பூண்டு மட்டும் போட்டார். சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை இஞ்சி அதிகமாகிக் காரமாகிவிட்டது. நாலாவது, ஐந்தாவது தடவையில் பிடிபட்டது. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுப் பொன்னிறமாக வதக்கி, அதோடு சீரகமும் ஒரு துளி சுக்குப்பொடியும் சேர்த்து மாவில் கொட்டினால் பெருங்காயத்தின் குறையே தெரியவில்லை. வயிற்று உப்புசத்துக்கும் நல்லது என்பது அம்மாவின் கட்சி.

பருப்பு வகைகளில் ஒன்றிரண்டு கோதுமை மணி கலந்திருப்பது சகஜம். மூட்டை மாற்றும்போதே கலந்துவிடும். எனக்குத் தெரிந்து பரணில் கிடந்த சுளகை அம்மா இறக்கினார். தினமும் மத்தியானம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பருப்பைப் புடைத்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். முதல் வாரத்திலேயே துவரம்பருப்பில் நாலு கோதுமை மணிகளை எடுத்துக் காகிதத்தில் மடித்து அக்காவிடம் காட்டினார்.

வாண்டுவுக்கென்று தனித் தோசைக்கல், தனித் தோசைத்திருப்பி, தனி மிக்ஸி ஜார் வாங்கினார்கள். கேழ்வரகு இனி மில்லுக்குப் போகவில்லை. வீட்டில் ஊறவைத்து அரைத்துத் தோசையாகவோ கூழாகவோ செய்கிறார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் டிடிஜி 148-லிருந்து 61-க்கு இறங்கியது. இந்தச் சித்திரையில் எடுத்த பரிசோதனையில் 18. ஹீமோகுளோபின் 11.6. எடை 19 கிலோ. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். அம்மா வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

அடைதான் அவனைக் குணமாக்கியது என்று நான் எழுதினால் அது தவறு. கோதுமை முழுவதுமாக நின்றதுதான் அவன் குடலை ஆற வைத்தது. அடை செய்த வேலை வேறு. எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கேட்டுச் சலித்த பிள்ளைக்கு, பயமில்லாமல் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட ஒரு பண்டம் கிடைத்தது.

ஆச்சியின் 'வாண்டு அடை'

தேவையானவை (10 அடைகளுக்கு):

புழுங்கல் அரிசி: 1 டம்ளர் (200 கிராம்)
பாசிப்பருப்பு: அரை டம்ளர்
துவரம்பருப்பு: கால் டம்ளர்
கடலைப்பருப்பு, தோல் உளுந்து: தலா 2 மேசைக்கரண்டி
காய்ந்த மிளகாய்: 2 (பெரியவர்களுக்கு 5)
மிளகு: அரை டீஸ்பூன்
சீரகம்: 1 டீஸ்பூன்
இஞ்சி: சுண்டுவிரல் நகமளவு
பூண்டு: 6 பல்
சுக்குப்பொடி: 2 சிட்டிகை (வீட்டில் இடித்தது)
சின்ன வெங்காயம்: 15
முருங்கைக்கீரை: 2 கைப்பிடி
தேங்காய்த் துருவல்: 3 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை, கல்லுப்பு, நல்லெண்ணெய்: தேவைக்கு

செய்முறை:

அரிசி, பருப்புகளைத் தட்டில் பரப்பி, வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குங்கள். மூன்று முறை கழுவுங்கள். அரிசியை மூன்று மணி நேரமும், பருப்புகளைச் சேர்த்து இரண்டு மணி நேரமும் தனித்தனியாக ஊறவையுங்கள்.

முதலில் அரிசியோடு மிளகாய், மிளகு, இஞ்சி சேர்த்துக் குருணைப் பதத்துக்கு அரையுங்கள். பிறகு பருப்புகளைப் போட்டுக் கொரகொரப்பாக ஒரு சுற்று. நைசாக அரைத்தால் தோசை மாதிரி ஆகிவிடும். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். புளிக்க வைக்க வேண்டாம்.

ஒரு கரண்டியில் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் காயவைத்து, தட்டிய பூண்டைப் பொன்னிறமாக வதக்குங்கள். சீரகம் பொரிந்ததும் அடுப்பை அணைத்து, சுக்குப்பொடி தூவி அப்படியே மாவில் கொட்டுங்கள். நறுக்கிய வெங்காயம், முருங்கைக்கீரை, தேங்காய், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துக் கலக்குங்கள்.

கல் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை ஊற்றிக் கையாலோ கரண்டியாலோ பரப்பி, நடுவில் ஓர் ஓட்டை போடுங்கள். சுற்றிலும் ஓட்டையிலும் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். அவசரப்பட்டால் உள்ளே வேகாது.

தொட்டுக்கொள்ளக் கருப்பட்டி அல்லது தேங்காய்ச் சட்னி. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி உதவும் என்பதால், வாண்டுவுக்கு அடையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ உண்டு.

கவனத்துக்கு

* குழந்தைக்குத் தொடர் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வளர்ச்சிக்குறைவு, டானிக்குக்கு மசியாத ரத்தச்சோகை இருந்தால் சீலியாக் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு மலச்சிக்கலாகவும் வரலாம்.

* சந்தேகம் வந்தவுடனே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தால்தான் முடிவு சரியாகத் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

* வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இது மரபணு சார்ந்தது. எங்கள் அக்கா, அத்தான் இருவருக்கும் இல்லை என்று வந்தது.

* அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, எல்லாப் பருப்புகளிலும் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது. மாவாக வாங்கும்போதும் மில்லில் அரைக்கும்போதும்தான் கவனம் தேவை. ஓட்ஸிலும் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

* பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதை லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 'குளூட்டன் இல்லாதது' என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

* ஹோட்டலில் தோசை கேட்டாலும், மாவில் மைதா சேர்ப்பார்களா, சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்டுவிடுங்கள். ரவா தோசை வேண்டவே வேண்டாம்.

"இதுல கோதுமை இருக்கா?"

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்ததும் வாண்டு, பரிமாற வந்த அண்ணனிடம் பெரிய மனுஷன் மாதிரி கேட்டான்: "அண்ணே, இதுல கோதுமை இருக்கா? சாம்பார்ல பெருங்காயம் போட்டிருக்கா?"

அந்த அண்ணன் சிரித்துவிட்டார். "சாம்பார்ல பெருங்காயம் போடாம இருப்பாங்களா தம்பி?"

"அப்ப எனக்குச் சோறும் தயிரும் போதும். வாழைப்பழம் ரெண்டு" என்று சொல்லிவிட்டு, ஆச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மா மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்தார். இலையின் ஓரத்தில் இரண்டு அடையை வைத்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பொடியன் எட்டிப் பார்த்து, "பாட்டி, எனக்கு ஒண்ணு" என்றான்.

"எல்லாருக்கும் இருக்குய்யா, எட்டு சுட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றார் அம்மா.